வாசல் மண்ணை மூடுவதற்கு முன்பு

சுரண்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

உங்கள் வாசலில் ஜல்லியும் எம்-சாண்டும் குவிந்து கிடக்கும் நேரம் பார்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பால் காய்ச்சிக் குடிபோன பிறகு எழுதிப் பயன் இல்லை. அதற்குள் பேவர் பிளாக் லாரி வந்துவிடும். கேட்டிலிருந்து நடைப்படி வரை, அங்கிருந்து பின்பக்கச் செப்டிக் டேங்க் வரை, கையகல மண்கூடக் கண்ணில் படாமல் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் வந்து மரம் நடுங்கள் என்று சொன்னால், "எங்கே நட, மொட்டைமாடியிலா?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசல் பக்கம் எட்டடிக்கு எட்டடி மண்ணை மூடாமல் விடுங்கள். வருகிற ஐப்பசி மழையில் அங்கே ஒரு செண்பகக் கன்றை வையுங்கள். ஐந்து சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. அதில் நான் கேட்பது 64.

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். மனை உங்களுடையது, பணம் உங்களுடையது. கமிஷன் கடையில் கருக்கலில் எழுந்து மூட்டை எண்ணிச் சேர்த்த பணம், வளைகுடா வெயிலில் நின்று அனுப்பிய பணம், இரண்டு சம்பளத்தில் ஒன்றை முழுசாக வங்கிக் கடனுக்குக் கொடுத்துக் கட்டும் வீடு. அதில் குறுக்கே பேச யாருக்கும் மனசு வராது. ஆனால் நாலு பேர் வீட்டு வாசல்தானே அண்ணாச்சி ஒரு தெரு. உங்கள் வாசல் கொதித்தால் எதிர்வீட்டுக்காரனும் சேர்ந்துதான் வேகிறான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

சேர்ந்தமரம் ரோட்டிலும் சாம்பவர்வடகரை ரோட்டிலும் பிரியும் புதுத் தெருக்களில் ஒரு தடவை மெல்ல நடந்து பாருங்கள். பங்களாச் சுரண்டையிலும் கீழச்சுரண்டையிலும் முளைத்த புது மனைகளையும் பாருங்கள். எலிவேஷனுக்கு எவ்வளவு யோசித்திருக்கிறோம்! ஒரு வீட்டு ஜன்னல் மாதிரி இன்னொரு வீட்டில் இல்லை. கேட்டில் மயில், தூணில் கிரானைட், சுவரில் டெக்ஸ்சர் பெயிண்ட். மரம் என்று வரும்போது மட்டும் எல்லாரும் ஒரே கடைக்குப் போய் ஒரே சாமானை வாங்கினது போல இருக்கிறது. ஒரு வீட்டில் ஈட்டி மாதிரி நிற்கும் இரண்டு நெட்டிலிங்கம். அடுத்த வீட்டில் தொட்டியில் பெயர் தெரியாத பனை. அதற்கடுத்த வீட்டில் வேலியோரம் வரிசையாகக் கோனோகார்பஸ்.

இந்தக் கோனோகார்பஸ் மேல் எனக்குத் தனியாகவே ஒரு கோபம் உண்டு. ஆப்பிரிக்கா, ஏமன் கடற்கரைப் பக்கத்து மரம் அது. சீக்கிரம் வளரும், ஆடு கடிக்காது, வருஷம் முழுக்கப் பச்சை என்று நர்சரியில் தள்ளிவிடுகிறார்கள். வாசம் கிடையாது. ஒரு பூவைப் பறித்துச் சாமி படத்துக்கு வைக்க முடியாது. வேர், குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும். பூக்கும் காலத்தில் மகரந்தம் மூச்சுக்கு ஆகவில்லை என்ற புகார் பல ஊர்களில் எழுந்தது. தெலங்கானாவும் குஜராத்தும் முதலில் இதை நிறுத்தின. 2025இல் தமிழக அரசும் இனி இதை நடக்கூடாது என்று சொல்லிவிட்டது. இன்னும் யாராவது உங்களிடம் இதை விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நாம் பூவுக்குப் பஞ்சப்பட்ட ஊரா என்ன? ஆவணியில் ஓணம் நெருங்கினால் நம் பக்கத்துக் கேந்தியும் பிச்சியும் மூட்டை மூட்டையாகப் புளியரை தாண்டிக் கேரளாவுக்கு ஏறுகின்றன. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எங்கெங்கிருந்தோ கார் போட்டு வருகிறார்கள். இவ்வளவு பூவை வெளியே அனுப்புகிற ஊரில், சாயங்காலம் கேட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போது நம் மூக்குக்குக் கிடைப்பது சூடேறின சிமெண்ட் வாடை. உள்ளே போனால் பிளக்கில் செருகி வைத்த சென்ட் மெஷின், மல்லிகை வாசம் என்று லேபிள் ஒட்டியது.

ஏன் செண்பகம் என்று கேட்பீர்கள். மேற்கே பாருங்கள், மலை தெரிகிறது. குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே ஏறினால் செண்பகாதேவி அருவி. பக்கத்திலேயே செண்பகாதேவி அம்மன் கோவில். சித்ரா பௌர்ணமிக்கு ஏறிப் போனவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அருவிக்கும் அம்மனுக்கும் அந்தப் பெயர் வந்தது அங்கிருக்கும் மரத்தால்தான். தென்காசிக்கு வாருங்கள். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோவிலுக்குத் தலமரம் செண்பகம். எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போன ராஜா சிற்றாற்றங்கரையில் லிங்கத்தைக் கண்டது ஒரு செண்பக வனத்தில் என்பது கோவில் கதை. இந்தப் பக்கம் கோவில்பட்டி அம்மன் செண்பகவல்லி. சிவகிரிக்கு மேலே மலையில் உடைந்து கிடக்கும் அணையும் செண்பகவல்லி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களிலும் இது இருக்கிறது. அதாவது இந்த மலையும் இந்த மரமும் நமக்கு முன்பிருந்தே கூட்டாளிகள். அதை வீட்டு வாசலுக்குக் கூட்டிவருவதில் புதுமை ஒன்றும் இல்லை. கூட்டிவராமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

வெளியூர் உதாரணம் வேண்டுமானால், பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். 1898இல் பிளேக் பரவிய பிறகு உண்டான மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடு என்றே ஒரு கடைவீதி இருக்கிறது. சம்பிகே என்றால் நம் செண்பகம்தான். பாலித் தீவில் கோவிலுக்குக் கொண்டுபோகும் படையல் தட்டிலும் இந்தப் பூ உண்டு.

பூவைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு இலைக்காம்பும் கிளையோடு சேரும் இடுக்கில் ஒற்றை மொட்டு வரும். அதற்கு மேலே பூனைமயிர் போலப் பொடி ரோமம் படர்ந்த ஓர் உறை. உறை ஒரு பக்கம் கீறி விழுந்தால் பூக்காம்பில் மோதிரம் போட்ட மாதிரி வட்டத் தழும்பு நிற்கும். உறைக்குள்ளிருந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஒல்லியான இதழ்கள் விரியும். முதல்நாள் வெளிர்மஞ்சள், மறுநாள் சந்தனக்காவி, அதற்கும் மறுநாள் ஆரஞ்சு. பகலில் அடக்கமாக இருக்கும் வாசம், பொழுது சாய்ந்து காற்றில் ஈரம் ஏறியதும் தெருமுனை வரை போகும். ஒரே ஒரு பூவை டம்ளர் தண்ணீரில் மிதக்க விட்டால் ஒரு அறைக்குப் போதும். தொடுக்க வேண்டாம், கட்ட வேண்டாம். தலைக்கு ஒன்று செருகினால் நாலு முழம் மல்லிகை வைத்த மாதிரி. பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவே இரண்டு பூவைப் போட்டு வைத்த ஆச்சிமார் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

வண்டு நெருங்காத பூ என்று பழைய புலவர்கள் இதைச் சொல்வது வழக்கம். புலவர்கள் தேனீயை மனசில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். செண்பகக் குடும்பத்துப் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பது பெரும்பாலும் சின்னஞ்சிறு வண்டுகள். தேனீக்கள் தலையெடுப்பதற்கும் முந்தைய பரம்பரை இது என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். பூ முடிந்ததும் சொரசொரப்பான காய்கள் கொத்தாகத் தொங்கும். அவை வெடித்தால் உள்ளே சிவப்புச் சதை மூடிய விதைகள். அந்தச் சிவப்பைத் தேடி மைனாவும் கொண்டைக்குருவியும் வரும். செல்போன் டவருக்குக் கீழே குடியிருக்கும் நமக்குப் பறவைச் சத்தம் இனாம்.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். வீடு பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்ததால் எனக்கு அவை மனப்பாடம்.

முதல் மறுப்பு பாம்பு. "வாசப்பூ மரத்துக்குப் பாம்பு வரும், பிள்ளைகள் நடமாடும் வீடு." பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். பூவாசத்தில் அதற்கு வயிறு நிறையாது. உங்கள் வீட்டுப் பக்கவாட்டில் மிச்ச செங்கல்லையும் சென்ட்ரிங் பலகையையும் மாசக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, பாம்பு குடியிருக்க வேண்டுமானால் அந்த இடுக்குதான் அதற்குத் தோது. அதை அப்புறப்படுத்துங்கள். மரத்தடியைப் பெருக்கி வையுங்கள். பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது, பேய். வயசுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீட்டில் இராத்திரி மணக்கும் மரம் ஆகாது என்று சொல்லும் அக்காமார் இன்னும் இருக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஏழிலைப்பாலை மரத்தில் யட்சி இருக்கிறாள் என்று கதை. அந்தக் கதை நம்மிடம் வரும்போது எல்லா வாசமரத்தின் மேலும் ஏறிக்கொண்டது. இதற்கு நான் வாதாடப் போவதில்லை. தென்காசிக் கோவிலில் குடியிருக்கிற சாமிக்கே தலமரம் இதுதான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். நாரதர் சபித்ததால் செண்பகப்பூ சிவனுக்கு ஆகாது என்று வேறொரு கதையும் சொல்வார்கள். ஆகாதென்றால் தென்காசியிலும் கும்பகோணத்துப் பக்கம் திருநாகேஸ்வரத்திலும் சிவன் கோவிலுக்குள்ளேயே அந்த மரத்தை ஏன் வைத்துக் கும்பிடுகிறார்கள்?

மூன்றாவது மறுப்பு குப்பை. இலை விழும், பெருக்கணும். உண்மைதான். பெரிய இலை, தினமும் நாலு விழும். காய்ந்த பூ பழுப்பு நிறத்தில் கிடக்கும். இந்த வேலை வீட்டில் யார் தலையில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அண்ணாச்சிமாரே, மரம் வைக்கச் சம்மதித்தால் விளக்குமாற்றுக்கும் சம்மதியுங்கள். விழுந்த இலையைக் கூட்டி அதே மரத்தடியில் போட்டால் போதும், முனிசிபாலிட்டி வண்டி வரை சுமக்க வேண்டாம். அதுவே அதற்கு எரு.

வேர் வீட்டை உடைக்குமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: ஆலும் அரசும் செய்கிற வேலையை இது செய்யாது. ஆனாலும் வீட்டுச் சுவரிலிருந்து எட்டடி, காம்பவுண்டிலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்குக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் வேண்டாம்.

இப்போது நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்க வேண்டிய இடம் வருகிறது. புது வீட்டில் வைத்த செண்பகம் பிழைப்பதில்லை, நம் ஊர் மண்ணுக்கு அது ஆகாது என்று பலர் கைவிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பாதி சரி. கன்று செத்தது நிஜம். ஊர் மண் அதைக் கொல்லவில்லை, கட்டட மண் கொன்றது. யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷமாக அந்த வாசலில்தான் சிமெண்ட் கலவை போட்டார்கள். கலவைச் சட்டியையும் கரண்டியையும் கழுவிய தண்ணீரெல்லாம் அங்கேதான் ஊறியது. சுண்ணாம்பு, ஒயிட் சிமெண்ட், டைல்ஸ் வெட்டிய தூள், பட்டி பார்த்த மாவு எல்லாம் அரையடிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. சிமெண்ட் கழுவிய தண்ணீரின் காரம் பி.எச். 12க்குப் பக்கம் இருக்கும். செண்பகமோ லேசான புளிப்பு மண்ணில், மலையடிவாரத்து இலைமக்கில் வளர்ந்து பழகின மரம். காரம் ஏறின மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் அதன் வேரால் எடுக்க முடியாது. குருத்திலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் பத்தவில்லை என்று நினைத்து நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள். போர்த்தண்ணீரில் இருக்கும் உப்பும் சேர்ந்துகொள்ளும். அடுத்த பங்குனி வெயிலுக்கு அது தாங்காது.

ஆகவே எந்த மூலை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். கொத்தனாரிடமும் மேஸ்திரியிடமும் சொல்லி அந்த எட்டடிக்கு நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். அதற்குள் கலவை போடவோ சட்டி கழுவவோ விடாதீர்கள். ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் மூன்றடி ஆழத்துக்கு வெட்டி அந்த மண்ணை மொத்தமாக வெளியே அள்ளுங்கள். ஜே.சி.பி. நிற்கும்போதே சொன்னால் பத்து நிமிஷ வேலை. செம்மண்ணும் ஆற்றுமணலும் நன்றாக மக்கின தொழுவுரமும் கலந்து குழியை நிரப்புங்கள். மணலுக்குப் பதில் எம்-சாண்டைப் போட்டுவிடப் போகிறார்கள், கூடவே நில்லுங்கள். உங்கள் மனை கரிசல் என்றால் தரைமட்டத்துக்கு மேலே ஓர் அடி மேடாக்கி அதில் வையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் வேரடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். இவ்வளவு செய்தும் குருத்து மஞ்சளானால் லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைத் தயவுசெய்து இதற்கு ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். அதில் உப்பே கிடையாது. வீட்டில் மூன்று ஏ.சி. மாட்டுகிறவர்களுக்குக் கன்றின் கோடைத் தண்ணீர் அதிலேயே கணிசமாக வந்துவிடும்.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதியும் உண்டு. குற்றாலத்துக்குச் சாரல், நமக்குக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் கிளம்பும் காற்று ஆவணி வரை ஓய்வதில்லை. அதை நம்பித்தானே சுற்றிலும் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். செண்பகத்தின் கிளை முறியக்கூடியது, அகல இலை கிழிந்து போகும். வாஸ்து பார்ப்பவர் பெரிய மரம் மேற்கிலோ தெற்கிலோதான் இருக்கணும் என்பார். அவர் ஆடி மாசம் சுரண்டையில் குடை பிடித்து நடந்தவர் இல்லை. மேற்கே வீடு நின்று காற்றைத் தடுக்க, மரம் கிழக்குப் பக்கம் நிற்பதுதான் அதற்கு நல்லது. வாஸ்துக்காரருக்கும் காற்றுக்கும் பொதுவாகத் தென்கிழக்கு என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள். முதல் இரண்டு காற்றுக்காலத்துக்கு இரண்டு பக்கமும் கம்பு ஊன்றி, பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், பட்டையை அறுத்துவிடும்.

கன்று வாங்கும்போது ஒட்டுக்கட்டினதா என்று பார்த்து வாங்குங்கள். விதைக்கன்று பூக்க ஏழெட்டு வருஷம், சில சமயம் அதற்கும் மேல். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று வருஷத்தில் பூக்கும். தண்டின் அடியில் ஒட்டுப்போட்ட முடிச்சு தெரியும். அதற்குக் கீழிருந்து துளிர் வந்தால் கிள்ளி எறிய வேண்டும். விட்டால் மேலே கட்டின ஒட்டு அமுங்கி, கீழே இருக்கிற காட்டுக்கன்று வளர்ந்துவிடும். விலை ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலிக்குள் அடங்கும். குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கன்றாக வாங்கி வந்து இங்கே வெயிலில் வைத்துச் சாகவிடுகிறார்கள். அந்தக் காசுக்கு இதை வாங்கலாம். மலையிலிருந்து கன்றைப் பிடுங்கி வர மட்டும் நினைக்காதீர்கள். அது காப்புக்காடு, அங்கே நிற்க வேண்டிய கன்று அங்கேயே நிற்கட்டும். மற்றபடி, இலையின் அடியில் செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் ஒட்டும், எறும்பு ஏறினால் அவை வந்துவிட்டன என்று தெரிந்துகொண்டு வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள். உயரம் போகிறதென்றால் பூ முடிந்ததும் கவாத்து செய்து தலையைத் தட்டலாம்.

இரண்டு சென்ட், மூன்று சென்ட்டில் கட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பவளமல்லி. நாலடி மண் இருந்தால் போதும். விடிவதற்குள் சிவப்புக்காம்புப் பூவைத் தரை முழுக்கக் கொட்டி வைக்கும். இடமும் பொறுமையும் இருக்கிறவர்களுக்கு மகிழம். மெதுவாகத்தான் வரும். ஆனால் காற்றுக்கு அசையாது, நிழல் அடர்த்தி, பூ காய்ந்து சருகான பிறகும் மணக்கும். மரமல்லியைக் காம்பவுண்டுக்குள் வைக்காதீர்கள். பார்க்க அழகு, வாசம் பிரமாதம், ஆனால் நம் ஆடிக்காற்றுக்குக் கிளை உடைந்து கார் மேல் விழும். நாகலிங்கம் கோவிலோடு இருக்கட்டும். அதன் காய் பீரங்கிக் குண்டு கணக்கில் விழுகிறது. ஏழிலைப்பாலை வாசம் ஒரு மரத்துக்கு மேல் போனால் தலை வலிக்கும். இது என் அபிப்பிராயம், மறுப்பவர்கள் இருப்பார்கள்.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது, சொல்லிவிடுகிறேன். முனிசிபாலிட்டிக்குக் கொடுத்த வரைபடத்தில் வீட்டைச் சுற்றி இத்தனை அடி காலி இடம் என்று எல்லாரும்தான் காட்டியிருக்கிறோம். கட்டட விதி அதைக் கேட்கிறது. அனுமதி வாங்கின கையோடு அந்தக் காலி இடத்தைச் சிமெண்டால் மூடிவிட்டு, மழைநீர் சேகரிப்புக்கு என்று ஒரு குழாயைப் பேருக்கு மண்ணில் செருகி வைக்கிறோம். மழை பெய்தால் உங்கள் வாசல் தண்ணீர் என் வாசலுக்கும், என் வாசல் தண்ணீர் ரோட்டுக்கும் ஓடுகிறது. சித்திரையில் போரில் தண்ணீர் இறங்கிப்போச்சு என்று எல்லாரும் சேர்ந்து புலம்புகிறோம். மரம் நிற்கிற எட்டடி மண் குழாயைவிட நேர்மையாகத் தண்ணீர் குடிக்கும். மரமே வேண்டாம் என்கிறவர்கள்கூட அந்த மண்ணையாவது திறந்து விட்டால் நல்லது.

வீட்டில் இருக்கிற ஆச்சியையும் கணக்கில் எடுங்கள். பழைய வீட்டில் திண்ணையும் வேப்பமர நிழலும் இருந்தன. சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு தெருவோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். புது வீட்டில் அவர்களுக்கு அட்டாச்டு பாத்ரூமோடு அறை கொடுத்தோம், உட்கார வாசல் கொடுக்கவில்லை. கொதிக்கிற பேவர் பிளாக்கில் எந்த ஆச்சி பாயை விரிப்பாள்? டி.வி.க்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, எந்நேரமும் சீரியல்தான் பார்க்கிறாள் என்று குறையும் சொல்கிறோம்.

தென்காசிக் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இந்தக் கோவிலைப் பழுதுபார்த்துக் காப்பவர்கள் யாரோ அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன் என்ற பொருளில் கல்வெட்டு வைத்துவிட்டுப் போனான். ராஜாவே முன்கூட்டிக் கேட்டுக்கொண்ட ஊர்ப்பக்கத்தில் நான் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எல்லாரும் செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் இரண்டு வீட்டில் செண்பகம் பூத்தால் இருபது வீட்டுக்கு வாசம் போய்ச் சேரும். காம்பவுண்டுக்கு வெளியே எட்டும் பூவைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பறித்தால் அதட்டாமல் இருந்தால் சரி.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த மடலைப் படித்து முடித்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். இஞ்சினியரைக் கூப்பிட்டு வரைபடத்தில் தென்கிழக்கே எட்டடிக்கு எட்டடியைப் பென்சிலால் அடித்து 'மண்' என்று எழுதச் சொல்லுங்கள். பேவர் பிளாக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதென்றால் 64 சதுர அடியைக் குறைத்து பில் போடச் சொல்லுங்கள். நாளைக் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, சட்டி கழுவுகிற சித்தாளிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துத் தெருக்காரன்,
சுரண்டை